பானட்டில் ஒரு ஒடுக்கு

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் டிங்கர்தான். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது தொழில். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

கடைக்குள் ஒரு வண்டி நுழைந்தால் அவர் உடனே சுத்தியலைத் தூக்கமாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருவார். ஒடுக்கைத் தடவிப் பார்ப்பார். அப்புறம் வண்டிக்காரரின் கதையை வண்டிக்காரருக்கே சொல்லுவார். "நின்னுட்டிருந்த வண்டியை எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்னு வீட்டுல சொல்லியிருப்பீங்க. சொல்லுங்க, நமக்கென்ன. ஆனா இது நீங்களே பின்னால எடுக்கும்போது தூணுல விட்டது. தூணுக்குப் பச்சைப் பெயிண்ட்." வந்தவர் அசடு வழிவார். அதைப் பார்த்து டிங்கருக்கு உச்சி குளிர்ந்துவிடும். "ஆள் பொய் சொல்லுவான், ஒடுக்கு சொல்லாது" என்பது அவர் அடிக்கடி எடுத்துவிடும் வசனம். கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. வருகிறவர்களின் பழைய கண்ணாடியை வாங்கிக் கருவியில் வைத்து, என்ன பவர் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. "உங்களுக்கும் ஒருநாள் சோதிச்சுப் பார்க்கணும். எல்லாம் தெரியும்கிற ஆளுக்குத்தான் கண்ணுல கோளாறு இருக்கும்" என்று அவரைச் சீண்டுவாள். அவரும் சிரிப்பார். சிரிக்கத்தானே சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவள் கடையிலிருந்து போன் செய்தாள்.

"என்னங்க, கொட்டுது. குடையை மறந்துட்டேன். வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

அவர் அப்போதுதான் ஒரு கார்க் கதவின் பள்ளத்தை நிரப்பிப் பூசுவதற்குப் பட்டி கலந்து முடித்திருந்தார். கலந்துவிட்டால் அது காத்திருக்காது, டப்பாவிலேயே கல்லாகிவிடும். "பட்டி கலந்துட்டேன்மா. விட்டா வீணாயிடும். பஸ்ஸுல வந்துடேன்" என்றார்.

"சரி" என்றாள். அந்தச் 'சரி'யில் கோபம் கிடையாது. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறார்.

பட்டியைப் பூசிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மனைவியின் எண்தான். பேசியது வேறு யாரோ ஒரு பெண்பிள்ளை. "இந்த அக்காவுக்கு அடிபட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டிருக்கோம். பயப்படாம வாங்க" என்றது அந்தக் குரல். அதன் பின்னால் மழைச் சத்தமும் ஒரு கார் ஹாரனும் விடாமல் கேட்டன.

பைக்கை எப்படி எடுத்தார், எந்த வழியாகப் போனார் என்று கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது. வழி நெடுக மண்டைக்குள் ஒரே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. பட்டி போனால் போகிறது என்று போயிருக்கலாம். ஒரு டப்பா பட்டி. அவள் இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு மழையில் ரோட்டைக் கடப்பது கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வெள்ளைக் கார் குறுக்கே நின்றது. நான்கு கதவும் திறந்தபடி கிடந்தன. அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். வேறு யாராக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். இவர் டிங்கர். கால் தானாக நின்றது.

பானட்டில் ஒரு பெரிய குழி. அகலமாக, வழவழவென்று. பெயிண்ட் எங்கேயும் வெடிக்கவில்லை. இரும்பில் மோதினால் மடிப்பு விழும், பெயிண்ட் பொரிந்து போகும். இது அப்படி இல்லை. இது ஆள் விழுந்த குழி. குழியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீர் சிவப்பாக இருந்தது. வைப்பர் இடுக்கில் ஒரு கிளிப் மாட்டிக்கொண்டிருந்தது. காலையில் அவள் தலையில் செருகிய கிளிப்.

காருக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒருவர், தொப்பலாக நனைந்துபோய் நின்றிருந்தார். சட்டை முழுக்க ரத்தம். மழை வழிந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தவர், காரையே பார்த்து நின்ற டிங்கரிடம் ஓடி வந்தார். அவர் பின்னால் குடையோடு ஒரு பெண்.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? பயப்படாதீங்க, உள்ள டாக்டர் பார்த்துக்கிட்டு..."

"நீதான் இடிச்சியா?"

"ஐயோ, இல்லீங்க. ரோட்டுல கிடந்தாங்க. பைக்குல வந்த ஒருத்தன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான். நான் பின்னால வந்தேன்..."

"அப்போ இந்தக் குழி எப்படி வந்துச்சு?"

"அவங்களை அதுமேல படுக்க வச்சோங்க..."

"படுக்க வைக்க அது என்னடா, கட்டிலா?"

சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. உள்ளே ஆளைப் படுக்கவைத்துவிட்டு வெளியே காத்துக் கிடந்தவர்கள்; ஒவ்வொருவருக்கும் யார்மீதாவது காட்டவேண்டிய கோபம் இருந்தது. டிங்கர் அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பை கிழிந்தது. கண்ணாடி டிங்கரின் கைக்குள் வந்து நொறுங்கியது. சாட்சிக்கு இருக்கட்டும் என்று அதைத் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். என்ன சாட்சியோ. அந்த நேரத்தில் அவருக்கு அப்படித் தோன்றியது. "நான் இந்தத் தொழில்ல பழம் தின்னு கொட்டை போட்டவன். என்கிட்டயா கதை விடற?" என்று அவர் கத்தியபோது, பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அந்த மனிதரின் கன்னத்தில் விழுந்தது. அப்புறம் இன்னொரு கை.

குடை வைத்திருந்த பெண் "அவர் சொல்றது நிஜங்க, நானும் இருந்தேன்" என்று கத்திப் பார்த்தாள். "நீயும் அதே வண்டியில வந்தவதானே?" என்று எவனோ அவள் பக்கம் திரும்பினான். அவள் மிரண்டுபோய்க் குடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள். அடிபட்டவளின் கையை வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்தான். அப்போது அது டிங்கருக்குத் தெரியாது.

போலீஸ் வந்தது. டிங்கர் பானட்டைக் காட்டி, வகுப்பெடுக்கிற வாத்தியார் மாதிரி விளக்கினார். இவ்வளவு தெளிவாகச் சொல்கிற ஆளை எந்தப் போலீஸ்காரர்தான் நம்பமாட்டார்? அந்த மனிதரை வண்டியோடு கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதும் அவர் திரும்பித் திரும்பி ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டு போனார். குற்றவாளி எப்படி நடிக்கிறான் பார் என்று டிங்கர் பல்லைக் கடித்தார்.

மறுநாள் மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவு வந்தது. இடுப்பெலும்பில் முறிவு, தலையில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை. டிங்கர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய மனுஷன் என்கிற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். அவள் முதலில் கேட்டது அவரைப் பற்றி இல்லை.

"அந்த அண்ணன் எங்கங்க?"

"எந்த அண்ணன்?"

"கார்க்கார அண்ணன். ரோடு முழுக்கத் தண்ணி ஓடிச்சு. அதுல கிடந்தேன். எத்தனையோ வண்டி வளைச்சு வளைச்சுப் போச்சு. அவர்தான் நின்னார். பின் சீட்டு நிறைய ஃபிரேம் போட்ட படங்க. எல்லாத்தையும் எடுத்து மழையிலேயே ரோட்டோரம் வச்சார். அதுவரைக்கும் என்னைத் தண்ணியில போடக் கூடாதுன்னு, அவரும் ஒரு பொண்ணும் தூக்கி வண்டி முன்னாலயே படுக்க வச்சாங்க. நான் குளிருல வெடவெடன்னு நடுங்கிட்டிருந்தேன். கீழ என்ஜின் சூடு. முதுகுக்கு எவ்வளவு இதமா இருந்துச்சு தெரியுமா? அந்தப் பொண்ணு தலைக்கு மேல குடை பிடிச்சுது. அவங்களைப் பார்த்தீங்களா? ஏதாவது சாப்பிடச் சொன்னீங்களா?"

டிங்கர் அவள் போர்வையை இழுத்துவிட்டார். "பார்த்தேன்மா. அவசரமா... அவசரமாப் போயிட்டாங்க" என்றார்.

நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடினார். விஷயத்தைச் சொன்னார். மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானே ஐயா, தொழில் தெரிஞ்சவர்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். டிங்கருக்கு அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கம் போனார். பறிமுதல் செய்த வண்டிகளுக்கு நடுவில், ஒரு மரத்தடியில் அந்த வெள்ளைக் கார் நின்றது.

அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. பம்பரில் ஒரு கீறல் இல்லை. விளக்குக் கண்ணாடி முழுசாக இருந்தது. நம்பர் பிளேட் வளையவில்லை. ஓடுகிற வண்டி ஒரு ஆளை இடித்தால் முதலில் அடி வாங்குவது இவைதானே? இடிபட்டு மேலே விழுகிற ஆள் சறுக்குவார், சறுக்கினால் கோடு விழும். குழியைச் சுற்றி ஒரு கோடுகூட இல்லை. மெதுவாக இறக்கி வைத்த பாரத்தில் பதிந்த குழி. தொழிலுக்கு வந்து ஒரு மாதம் ஆனவன்கூட முதலில் பம்பரைத்தான் பார்ப்பான். அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று இருந்திருக்கிறது. பட்டி கலந்துவிட்டேன் என்று சொன்ன வாயை மறக்க, அவருக்கு அந்த நேரத்தில் ஒரு குற்றவாளி தேவைப்பட்டிருக்கிறான். கையில் கிடைத்தவன், நின்றவன். நிற்காமல் போனவர்களை யார் பிடிக்க முடியும்?

வாசல் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அந்த மனிதரை வெளியே விட்டிருந்தார்கள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கண்ணாடி இல்லாததால் படியைக் காலால் தடவித் தடவி இறங்கினார். ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். காலில்கூட விழுந்திருக்கலாம். டிங்கர் மரத்துக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். அவர் செய்த தப்புகளில் எதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது என்று கேட்டால், சட்டையைப் பிடித்ததைச் சொல்லமாட்டார். மரத்துக்குப் பின்னால் நின்றதைத்தான் சொல்லுவார்.

அப்புறம் என்ன, போகவேண்டும் போகவேண்டும் என்று நாளைக் கடத்தினார். அந்த மனிதர் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொண்டார். இரண்டு தடவை அந்தத் தெருமுனை வரைக்கும் போனார். முதல் தடவை கடையில் ஆள் இருக்கிறது என்று திரும்பினார். அடுத்த தடவை ஆள் இல்லை என்று திரும்பினார். மனைவி வீட்டுக்கு வந்தாள், எழுந்து உட்கார்ந்தாள், ஊன்றுகோலோடு அறைக்குள் நடந்தாள். "அந்த அண்ணனைப் போய்ப் பார்க்கணுங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் "பார்க்கலாம், முதல்ல நீ நல்லா நட" என்று மழுப்பினார்.

ஒருநாள் அவர் கடையிலிருந்து வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அன்று அவர் போட்டிருந்த சட்டை. ரத்தக்கறையோடு அலமாரிக்கு அடியில் சுருட்டி எறிந்ததை அவள் ஊன்றுகோலால் இழுத்து எடுத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு காகிதத்தின் மேல் வளைந்த கண்ணாடிச் சட்டமும் இரண்டு மூன்று சில்லுகளும்.

"இது யாரோடது? கிட்டப்பார்வைக் கண்ணாடி. இது இல்லாம அந்த ஆளால தெருவைக்கூடத் தாண்ட முடியாது."

பொய் சொல்ல வாயைத் திறந்தார். முடியவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னார். கட்டிலா என்று கேட்டதைச் சொன்னார், கூட்டம் சிரித்ததைச் சொன்னார், மரத்துக்குப் பின்னால் நின்றதையும் சொன்னார். கடைசியில், "பட்டி போனாப் போகட்டும்னு நான் வந்திருந்தா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"நீங்க வராததுக்கு எனக்குக் கோபமே இல்ல. கலந்த பட்டி கல்லாயிடும்னு எனக்கும்தான் தெரியும்" என்றாள் அவள். "ஆனா நின்ன மனுஷனை அடிச்சீங்களே." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது நாள் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். இருந்ததில் பெரிய சில்லைக் கருவியில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ஒரு பக்கத்துப் பவர் தெளிவாகக் கிடைத்தது. அடுத்த பக்கத்துக்குச் சின்னச் சில்லோடு மல்லுக்கட்டினாள். அதே மாதிரிச் சட்டத்தில் புதுக் கண்ணாடி தயாரானது.

கிளம்பும்போது டிங்கர் சுவரில் மாட்டியிருந்த குடையையும் எடுத்துக்கொண்டார். அன்று ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் போட்டுவிட்டுப் போன, அவர் எடுத்து வந்திருந்த நீலப் பூப்போட்ட குடை. அந்தப் பெண்ணைக் கார்க்காரருக்குத் தெரிந்திருக்கும், கொடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

சட்டம் போடுகிற கடை சின்னதுதான். சுவர் முழுக்க வெறும் சட்டங்களின் மூலைகள், மாதிரிக்கு மாட்டியவை. நடுவில் கண்ணாடி அறுக்கிற மேஜை, அதன்மேல் கம்பளித் துணி. பசை வாசனை. அந்த மனிதர் குனிந்து ஒரு சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஏதோ பழைய கண்ணாடி, அதன் ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது. நிமிர்ந்தார். டிங்கரைப் பார்த்தார். பார்த்ததும் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றி மேஜைக்கு அந்தப் பக்கம், கை எட்டாத இடத்தில் வைத்தார்.

எதற்கு அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. டிங்கருக்குத் தெரிந்தது.

பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டதும் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "அம்மா! நீங்களா? நடக்கறீங்களா?" என்று எழுந்து வந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துணியால் தட்டிப் போட்டார். "அன்னிக்கு வழியெல்லாம் நீங்க ஒரே பேச்சுத்தான். 'அடுப்புல ஒண்ணும் இல்ல, அவர் பசியோட வருவார்'னு. நான் பாதி பயத்துல ஓட்டறேன், நீங்க சமையலைப் பத்திப் பேசறீங்க." அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புதுக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தவர் வாசல், தெரு, எதிர்க்கடைப் பலகை என்று வரிசையாகப் பார்த்தார். "சரியா இருக்கேம்மா! என் பவர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உடைஞ்ச சில்லுல இருந்துதாண்ணே."

டிங்கர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. "தப்புப் பண்ணிட்டேங்க. மன்னிச்சிடுங்க" என்று மட்டும் வந்தது. கை கூப்பியிருந்தது.

"விடுங்க, விடுங்க. கையை இறக்குங்க முதல்ல. பொண்டாட்டி அடிபட்டுக் கிடக்கும்போது யாருக்குத்தான் நிதானம் இருக்கும்? நானா இருந்தாலும்..." என்றவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நல்ல மனிதர், பொய்யாக முடிக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

டிங்கர் குடையை நீட்டினார். "அந்தப் பொண்ணு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாதுங்க. பஸ் ஸ்டாப்புல நின்னவங்க. அன்னிக்குப் பார்த்ததுதான்."

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் ஒரு பழைய படம் தனியாக மாட்டியிருந்தது. தண்ணீர் இறங்கி, ஒரு பெரியவரின் முகம் பாதி கரைந்துபோயிருந்தது. மீசையும் ஒரு கண்ணும்தான் மிச்சம். "இது என்னண்ணே, இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டாள்.

"அதாம்மா... கூரை ஒழுகிடுச்சு. சட்டம் போடக் கொடுத்தவங்க வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க. தூக்கிப் போடவும் மனசு வரல" என்றார் அவர்.

டிங்கர் அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு கறைகூட இல்லை. வாழ்க்கையில் முதல்தடவையாகப் பார்த்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளைக் கார் கடைக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது. பானட்டில் அதே குழி. "இதையாவது நான் சரிபண்ணித் தரேங்க. கருவியெல்லாம் கொண்டுவந்திருக்கேன்" என்றார் டிங்கர். அந்த மனிதர் தயங்கினார். அவள் "பண்ணட்டும்ணே, அவருக்கும் கொஞ்சம் நெஞ்சு ஆறும்" என்று சிபாரிசு செய்தாள். அவளை நாற்காலியில் விட்டுவிட்டு இருவரும் சந்துக்கு வந்தார்கள்.

டிங்கர் பானட்டைத் திறந்து நிறுத்தினார். அடியில் விரித்திருந்த உறையைக் கழற்றினார். குழிக்கு நேர் கீழே உள்ளங்கையை வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். தகடு மேலே எழும்பி நின்றது. சுத்தியலுக்கும் மரக்கட்டைக்கும் வேலையே வைக்கவில்லை. ஓரத்தில் இருந்த சின்னச் சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். மூடிப் பார்த்தால், அங்கே குழி இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். இவ்வளவுதானா என்று அவருக்கே ஏதோ மாதிரி ஆகிவிட்டது.

அந்த மனிதர் பானட்டைத் தடவிப் பார்த்தார். "நல்லா ஆயிடுச்சு" என்றார். சற்றுப் பொறுத்து, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவங்க முன்னால சொல்ல முடியல" என்றார்.

"சொல்லுங்க."

"போன மாசம் இதே வண்டியில வந்துட்டிருந்தேன். ரோட்டோரமா ஒரு அம்மா. பக்கத்துல ஸ்கூட்டர் சாஞ்சு கிடக்குது. தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, விரலு வழியா ரத்தம். என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினாங்க. நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன். சத்தியமா மிதிச்சேன். அப்போ உங்க முகம் ஞாபகம் வந்துச்சு."

டிங்கர் பானட்டிலிருந்து கையை எடுத்தார்.

"கால் தானா ஆக்சிலேட்டருக்குப் போயிடுச்சு. அடுத்த வளைவு வரைக்கும் போயிட்டேன். மனசு கேக்கல. வண்டியைத் திருப்பிட்டு வந்தேன். வந்து பார்த்தா ஸ்கூட்டர் மட்டும் கிடக்குது. அவங்க இல்ல." அவர் புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். "யாராவது கூட்டிட்டுப் போயிருப்பாங்க. இல்லீங்களா?"

ஒடுக்கைப் பார்த்தே நடந்ததைச் சொல்கிறவருக்கு இதற்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை. 'ஆமாம்' என்றாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் வாய் வரவில்லை. அந்த மனிதரே, "உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. வேற யாருக்குங்க புரியும்?" என்றார். அப்புறம் டிங்கரின் தோளை ஒரு தடவை தட்டிவிட்டு உள்ளே போனார். மன்னித்துவிட்டார் என்பதில் சந்தேகமே இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் டிங்கருக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது தூறல் போட்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவள் நீலப் பூக்குடையை விரித்து அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது.

"மன்னிச்சுட்டார்தானே?"

"மன்னிச்சுட்டார்."

"எனக்குத் தெரியும். மனசுல ஒண்ணும் வச்சுக்காத மனுஷன்." ரோட்டில் வண்டிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு இந்த ரோட்டுல யாருக்கு என்ன ஆனாலும் பயமில்லைங்க. அந்த அண்ணன் அந்தப் பக்கமா வந்தா கண்டிப்பா நிப்பார்."

டிங்கர் குடைக்காம்பை அவள் கையிலிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா, நிப்பார்" என்றார்.